15 வயதில் வெளியே, 20 வயதில் உள்ளே: ஹொக்கியில் பிந்தி வளரும் வீரர்கள்

பாடசாலை ஹொக்கி அணித் தெரிவு பெரும்பாலும் ஒரே பின்னேரத்தில் முடிந்துவிடும். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, ஆளுக்கு நாலு பந்து அடிக்கவிட்டு, கடைசியில் ஒரு ஆட்டம் வைத்துப் பெயர்களை எழுதுவார்கள். உயரமானவன், வேகமாக ஓடுபவன், பந்தைப் பலமாக அடிப்பவன் முதலில் கண்ணில் படுவான். அதில் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் வலய மட்டப் போட்டி என்றால், இன்றைக்கு ஆடக்கூடியவரைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பின்னேரம் தெரிந்தது பிள்ளையின் ஆட்டமா, அல்லது பிள்ளையின் உடம்பு வளர்ச்சியில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதா? இந்த இரண்டும் குழம்பிப்போகும் இடத்தில் விடுபட்டவர்களில் சிலர்தான் பிறகு 19, 20 வயதில் மாவட்ட அணியிலும் பல்கலைக்கழக அணியிலும் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. பிந்தி வளர்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பிறந்த தேதி, உடம்பின் கடிகாரம், மட்டையைக் கையில் எடுத்த வயது ஆகிய மூன்றும் அவை. மூன்றும் வேறு வேறு. எது தன் காரணம் என்று தெரியாமல் உழைப்பவர் பிழையான இடத்தில் உழைப்பார்.

பிறந்த தேதி

வயதுப் பிரிவு எதுவானாலும் ஒரு வெட்டுத் தேதி இருக்கும். அது ஜனவரி 1 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 2இல் பிறந்தவரும் அதே ஆண்டு டிசம்பர் 30இல் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். இருவருக்கும் இடையே 362 நாள் வித்தியாசம். 30 வயதில் இது ஒன்றுமில்லை. 13 வயதில் அந்த ஒரு வருடத்துக்குள் ஒருவர் 7, 8 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பார், ஒரு வருடம் கூடுதலாக ஆடியும் இருப்பார்.

இதை முதலில் எண்ணிக் காட்டியது ஹொக்கியில்தான், நம்முடைய ஹொக்கியில் அல்ல, கனடாவின் ஐஸ் ஹொக்கியில். ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், உயர்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதையும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைந்துபோவதையும் காட்டினார்கள். அங்கே வெட்டுத் தேதி ஜனவரி 1. ஜனவரிக்காரர் ஒன்பது வயதில் கொஞ்சம் பெரியவராக இருப்பதால் நல்ல அணிக்குப் போகிறார். நல்ல அணியில் நல்ல பயிற்றுவிப்பாளரும் அதிக ஆட்டங்களும் கிடைக்கின்றன. 15 வயதில் அவர் உண்மையாகவே திறமைசாலியாகிவிடுகிறார். முதலில் இருந்தது வெறும் மாதக்கணக்கு. பிறகு அதுவே திறமையாக மாறிவிட்டது.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. 2013இல் வெளியான ஒரு ஆய்வு, வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக் தன் ஆண்டுத் தெரிவில் (கழகங்கள் இளம் வீரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் ஏற்பாடு) பிந்திய மாதங்களில் பிறந்த கனடிய வீரர்களைத் தொடர்ந்து குறைவாக மதிப்பிட்டு வந்ததாகக் கண்டது. அவர்கள் பிந்திய இலக்கங்களில் தெரிவானார்கள்; ஆனால் அந்த இலக்கங்களுக்கு எதிர்பார்த்ததை விட அதிகமாக ஆடிக் காட்டினார்கள். சிறுவனாக இருந்த காலமெல்லாம் தன்னை விடப் பெரியவர்களுடன் ஆடியவருக்கு ஆட்டத்தை முன்கூட்டியே பார்க்கவும், மோதாமல் விலகிப் போகவும், சட்டென்று கூட்டாளிக்குத் தள்ளிவிடவும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது என்பது ஒரு விளக்கம். அது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நடுவில் விட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லையே.

உடம்பின் கடிகாரம்

ஒரே நாளில் பிறந்த இருவர் கூட ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 14 வயதை அண்டி வரும். அப்போது வருடத்துக்கு 9, 10 சென்ரிமீற்றர் வரை கூடலாம். பெண்பிள்ளைகளுக்கு அது 12 வயதை அண்டி வரும். வேகம் சற்றுக் குறைவு. இது சராசரிதான். ஒருவனுக்கு 12½இல் வரும், இன்னொருவனுக்கு 15½இல் வரும், இரண்டும் இயல்பானவையே. அம்பாறையில் வயல் செய்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை: மூன்று மாத நெல்லை வெட்டுகிற நாளில் நாலு மாத நெல்லைப் பார்த்து விளைச்சல் இல்லை என்று சொல்ல மாட்டார்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. உயரம் முதலில் வரும், பலம் பிறகுதான் வரும். முதலில் கால்கள் நீளும், அதன் பின் உடல். தசையின் பலம் வேகமாகக் கூடுவது உயர வேகம் உச்சத்தைத் தொட்டு ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து. அதாவது, 15½இல் உச்சத்துக்கு வருபவனுக்கு அடி பலமாக விழத் தொடங்குவது 16இல் அல்லது 16½இல். 16 வயதுக்குட்பட்ட அணித் தெரிவு இவனைச் சந்திப்பது சரியாக மிக மோசமான மாதத்தில்: கால் நீண்டிருக்கும், பலம் வந்திருக்காது, நேற்று வரை சரியாகப் பிடித்த பந்து இன்று காலில் படும்.

தான் எங்கே நிற்கிறோம் என்று வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். செருப்பில்லாமல், குதிக்கால் சுவரில் படும்படி நின்று, தலைக்கு மேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளக்க வேண்டும். காலையில் அளந்தால் எப்போதும் காலையில்தான் அளக்க வேண்டும். பகல் முழுக்க நடமாடினால் பின்னேரம் ஒரு சென்ரிமீற்றர் வரை குறைந்து காட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். மூன்று மாதத்தில் 2 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ கூடினால் வளர்ச்சி வேகம் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து ஒரு எளிய கணக்கு. தந்தையின் உயரத்தையும் தாயின் உயரத்தையும் கூட்டி, ஆண்பிள்ளை என்றால் 13 சென்ரிமீற்றர் சேர்த்து, பெண்பிள்ளை என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். தந்தை 168, தாய் 155 என்றால் மகனுக்கு வருவது 168. (இதில் 8 சென்ரிமீற்றர் அங்கும் இங்கும் போகலாம், சோதிடமாக எடுக்க வேண்டாம்.) இந்தப் பையன் 15 வயதில் 152 சென்ரிமீற்றர் இருக்கிறான் என்றால், தன் முழு உயரத்தின் 90 வீதத்தில் நிற்கிறான். உயர வேகம் உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ இந்த வீதத்தில்தான். அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கும் கணக்கு 168 என்று வந்து, அவன் இப்போதே 166 இருந்தால், அவனுடைய வளர்ச்சி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. தெரிவு நாளில் இருவரும் 15 வயதுப் பையன்கள். உடம்புக் கணக்கில் ஒருவன் வாசலில் நிற்கிறான், மற்றவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

14 வயது முடிந்தும் ஆண்பிள்ளைக்கோ, 13 முடிந்தும் பெண்பிள்ளைக்கோ பருவமடையும் அறிகுறி எதுவும் தொடங்கவில்லை என்றால் வைத்தியரிடம் ஒரு தடவை காட்டுவது நல்லது. பெரும்பாலும் பிந்தி வளரும் குடும்பமாகத்தான் இருக்கும்.

மட்டையை எடுத்த வயது

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது கிரிக்கெட் மட்டை, காலில் எடுப்பது உதைபந்து. மட்டக்களப்பு நகரில் கூடைப்பந்துக்கும் நீண்ட பரம்பரை உண்டு. வெபர் மைதானத்துக்குப் பெயர் வந்தது இங்கே விளையாட்டை வளர்த்த அமெரிக்க இயேசுசபைக் குருவானவரால்தான். மாத்தளையில் போல சின்ன வயதிலேயே ஹொக்கி மட்டையுடன் வளரும் சூழல் இங்கே இல்லை. அதனால் நம் பிள்ளைகளில் பலருக்கு மூன்றாவது காரணமே பெரிய காரணம்: 14 வயதில் தொடங்கியவரை 9 வயதில் தொடங்கியவருடன் ஒப்பிட்டுக் கழித்துவிடுகிறார்கள்.

இந்தக் குறை மற்ற இரண்டையும் விட எளிதில் தீரும். ஜேர்மனி 2008 பீஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் இரண்டிலும் ஆண்கள் ஹொக்கியில் தங்கம் வென்றது. ஆர்னே குல்லிக் என்ற ஆய்வாளர் அந்த நாட்டின் ஒலிம்பிக் தங்க வீரர்களை, தேசிய மட்டத்தோடு நின்றுவிட்ட வீரர்களோடு ஒப்பிட்டு 2014இல் எழுதினார். தங்கம் வென்றவர்கள் சிறுவயதில் வேறு விளையாட்டுகளிலும் அதிகம் ஈடுபட்டவர்கள், ஹொக்கியில் மட்டும் இறங்கியது பிந்தித்தான். நமக்கு அருகில் உள்ள உதாரணம் கேரளத்தின் பி. ஆர். ஸ்ரீஜேஷ். திருவனந்தபுரத்து விளையாட்டுப் பாடசாலைக்கு ஹொக்கிக்காரராகப் போகவில்லை. ஓட்டம், கரப்பந்து என்று முயன்று பார்த்த பிறகு கோல் காப்பாளரானார். டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியா வெண்கலம் வென்றபோது கோலில் நின்றவர் அவர்.

கிரிக்கெட்டில் இருந்து வருபவருக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்கும். கெடுதல் என்னவென்றால் மட்டையைத் தூக்கி அடிக்கும் பழக்கம். உதைபந்தில் இருந்து வருபவருக்கு இடம் பார்த்து ஓடத் தெரியும்; ஆனால் பந்து காலில் பட்டால் தவறு என்பது உடம்பில் ஏற மாதக்கணக்காகும். கூடைப்பந்துக்காரர் ஆளைக் காப்பதில் உடனே தேறுவார்.

சாதித்தவர்கள், அவர்களுக்குக் கிடைத்த வாசல்

ஐஸ் ஹொக்கியில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் மார்ட்டின் சென் லூயி. கியூபெக்கைச் சேர்ந்தவர், 173 சென்ரிமீற்றர் உயரம், ஆண்டுத் தெரிவில் எந்தக் கழகமும் அவரை எடுக்கவில்லை. வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் ஆடினார். கல்கரிக் கழகம் எடுத்து, 2000இல் விட்டுவிட்டது. 2004இல் தம்பா பே அணியுடன் ஸ்டான்லிக் கிண்ணத்தையும், அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக புள்ளி (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும்) பெற்றவருக்கான விருதையும் வென்றார். 2013இல், 37 வயதில், அந்த விருது மறுபடியும் அவருக்கே வந்தது. ஜோ பவெல்ஸ்கி 2003இல் 205ஆவது ஆளாகத் தெரிவாகி 1,000 புள்ளிகளைத் தாண்டினார். கோல் காப்பாளர் எட் பெல்ஃபோர் தெரிவாகவே இல்லை. வட டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆடிய பிறகு உள்ளே வந்து புகழரங்கம் வரை போனார்.

இந்தக் கதைகளைப் படிப்பவர்கள் "விடாமுயற்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் பார்வையில் அதை விட முக்கியமானது வாசல். அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலை அணியில் இடம் கிடைக்காதவருக்கு ஊர்க்கழகம் இருக்கிறது. 20 வயது வரை ஆடக்கூடிய இளையோர் லீக்குகள் இருக்கின்றன. பல்கலைக்கழக ஹொக்கியில் முதலாம் வருட வீரர் 20, 21 வயதில் இருப்பது அங்கே சாதாரணம். பிந்தி வளர்பவருக்குத் தேவையான மூன்று நாலு வருடத்தை அந்த ஏற்பாடு கொடுக்கிறது. வாசல் இல்லாத இடத்தில் எவ்வளவு முயன்றாலும் 17 வயதில் விளையாட்டு நின்றுவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. தெரிவாகாதவர்களில் பெரும்பாலோர் பிறகும் பெரிய வீரராவதில்லை. சென் லூயியின் கதை நமக்குத் தெரிகிறது. அவரைப் போலவே உழைத்து எங்கும் போகாதவர்களின் கதை தெரிவதில்லை. "அவரால் முடிந்தது, உன்னாலும் முடியும்" என்று பிள்ளைக்குச் சொல்வதை விட, "உன் உடம்பு இன்னும் முடிவு சொல்லவில்லை, அதுவரை இந்த வேலைகளைச் செய்" என்று சொல்வது உண்மைக்கு அருகில் இருக்கும்.

விடுபட்ட பின் வரும் இரண்டு வருடத்தில் என்ன செய்வது

முதலில் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிவு நாளில் அல்ல, இரண்டு மூன்று நாள் கழித்து, ஆசிரியர் தனியாக இருக்கும்போது: "சேர், என்னில என்ன குறை? ரெண்டு விசயம் மட்டும் சொல்லுங்க சேர்." ரெண்டு என்று கேட்டால்தான் திட்டமான பதில் வரும். "ஸ்பீட் காணாது" என்றால் அதில் பாதி உடம்பின் கடிகாரம். "பந்து நிக்குதில்ல மனே" என்றால் அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

பலம் வராத காலத்தில் வளர்க்க வேண்டியது பலம் கேட்காத திறமைகளை. ஹொக்கியில் இதற்கு வசதியாக ஒரு விதி உண்டு: மட்டையின் உருண்டையான பின்புறத்தால் பந்தைத் தொடக்கூடாது, இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. எல்லாரும் ஒரே பிடியில்தான் தொடங்க வேண்டும். இடது கை மட்டையின் உச்சியில் இறுகப் பிடிக்கும், மட்டையைத் திருப்புவது அந்தக் கைதான். வலது கை நடுவில், மட்டை உள்ளே சுழலும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். பிந்தித் தொடங்குபவர் செய்யும் முதல் பிழை வலக்கையை இறுக்குவது. வலக்கை இறுகினால் மட்டை திரும்பாது, மட்டை திரும்பாவிட்டால் பந்தை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மாற்ற முடியாது. இரண்டாவது பிழை பந்தைக் காலடியில் வைத்திருப்பது. பந்து காலுக்கு முன்னே ஒரு முழம் தள்ளி, சற்று வலப்பக்கமாக இருந்தால் தலையைத் தூக்கி ஆட்களைப் பார்க்கலாம். காலடியில் இருந்தால் பார்வை நிலத்திலேயே நிற்கும். குனிய வேண்டியது முழங்காலில், முதுகில் அல்ல.

மட்டையின் நீளம் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்தைக் கெடுப்பதில் பாதி அதுதான். பாடசாலையில் இருக்கும் மட்டைகள் பெரியவர் அளவு, 36.5 அல்லது 37.5 அங்குலம். 165 முதல் 175 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 36.5 சரி. 152 சென்ரிமீற்றர் பையனுக்கு 35 அல்லது 36 வேண்டும். நீண்ட மட்டையைப் பிடிக்கும்போது அவன் நிமிர்ந்துவிடுவான், அல்லது பிடியைக் கீழே இறக்குவான். இரண்டிலும் தள்ளுப்பந்து (மட்டையை ஓங்காமல் தள்ளிவிடும் பந்து) பலமிழக்கும். மட்டையை நிலத்தில் ஊன்றிப் பக்கத்தில் நின்றால் அதன் உச்சி இடுப்பெலும்பு அளவில் இருந்தால் போதும்.

பயிற்சிக்கு மைதானம் தேவையில்லை, சுவரும் சீமெந்துத் தரையும் போதும். ஹொக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தும் கிட்டத்தட்ட அதே எடை, அதே பருமன். ஹொக்கிப் பந்து கிடைக்காவிட்டால் தேய்ந்த கிரிக்கெட் பந்தால் தொடங்கலாம். தையலில் பட்டால் பந்து துள்ளும், அது கூட நம் மைதானங்களுக்கு நல்ல பழக்கம். சுவரில் இருந்து 4 மீற்றர் தள்ளி நின்று 50 தடவை தள்ள வேண்டும், திரும்பி வருவதை நிறுத்த வேண்டும். பிறகு முகம் திருப்பிய மட்டையால் 50. இரண்டாவது வாரத்தில் இருந்து, பந்து சுவரில் பட்டுத் திரும்பும் அரைக் கணத்தில் தோளுக்கு மேலால் பின்னே ஒருமுறை பார்த்துவிட்டுப் பந்தை நிறுத்திப் பழக வேண்டும். யாராவது பின்னே நின்று விரல்களைக் காட்டட்டும். எத்தனை விரல் என்று சொல்லியபடி நிறுத்த வேண்டும். சிறிய உடம்புடன் பெரியவர்கள் நடுவில் ஆடுபவருக்கு இதை விடப் பெரிய ஆயுதம் இல்லை. பந்து வரும் முன்பே அடுத்த ஆள் எங்கே என்று தெரிந்திருந்தால், மோத வருபவர் வந்து சேரும்போது பந்து உங்களிடம் இருக்காது.

மேடுபள்ளமான புல்தரையில் பந்தை நிறுத்தும்போது மட்டையைச் செங்குத்தாக வைத்தால் பக்கவாட்டில் விலகும் பந்து தப்பிவிடும். இடது கையைத் தாழ்த்தி மட்டையை நிலத்தோடு படுக்க வைத்தால் முழு நீளமும் தடுப்பாகும். செயற்கைத் தளத்தில் ஆடும் கொழும்பு அணிகளும் அதைச் செய்கின்றன. நமக்கு அது இல்லாமல் முடியவே முடியாது.

இனி, அணிக்குள் போகும் குறுக்கு வழி. ஹொக்கியில் ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. குறுமூலை அடி (எதிரணி தன் கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் தவறு செய்தால் கிடைக்கும் அடி) நடக்கும் நேரம் தவிர, போட்டி முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதனால் ஒரு வேலையில் மட்டும் தேர்ந்தவருக்கும் பெஞ்சில் மதிப்பு உண்டு. குறுமூலை அடியில் பந்தை உள்ளே தள்ளிக் கொடுப்பவரின் வேலையை யாரும் விரும்பிப் பழகுவதில்லை. கோல் கம்பத்தில் இருந்து 10 மீற்றர் தள்ளிப் பின்கோட்டில், ஒரு காலாவது கோட்டுக்கு வெளியே இருக்க, பந்தை வட்டத்தின் உச்சிக்குத் தள்ள வேண்டும். தூரம் 17 முதல் 19 மீற்றர். பந்து வட்டத்தை விட்டு வெளியே போன பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம் என்பதால், இந்தத் தள்ளுதல் மெதுவாகவோ கோணலாகவோ போனால் முழு அடியும் வீண். இதற்கு உயரம் வேண்டாம், ஓட்ட வேகம் வேண்டாம். கால்களை அகல வைத்து, உடம்பைத் தாழ்த்தி, பந்தை மட்டையோடு இழுத்தபடி எடையைப் பின்காலில் இருந்து முன்காலுக்கு மாற்ற வேண்டும். 18 மீற்றரில் ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு கல் வைத்து, பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரம் நாலு நாள். பத்தில் எட்டு கல்லுக்கு நடுவே, துள்ளாமல் போகத் தொடங்கினால் ஆசிரியரிடம் போய்க் காட்டலாம். கையால் அடித்துத் தள்ளப் பார்ப்பவருக்குப் பந்து துள்ளும். பந்தும் மட்டையும் ஒட்டியே நகர வேண்டும்.

கோல் காப்பும் அப்படி ஒரு இடம்தான், பிந்தித் தொடங்கியவர்கள் எளிதில் நுழையக்கூடிய இடம். ஆனால் தலைக்கவசம், காலுறைக் காப்பு, பாதக் காப்பு, நெஞ்சுக் காப்பு, அடிவயிற்றுக் காப்பு, கையுறை என்று முழுத் தொகுதியும் இல்லாமல் ஒரு பந்துக்குக் கூட நிற்க வேண்டாம். பாடசாலையில் தொகுதி பாதிதான் இருக்கிறது என்றால் அந்த எண்ணத்தை விடுங்கள்.

உடம்புக்கு என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது

தெரிவாகாத கோபத்தில் பிள்ளைகள் உடனே செய்வது பாரம் தூக்கப் போவதும், தினமும் கடற்கரை மணலில் ஓடுவதும். வளர்ச்சி வேகத்தில் இருக்கும் காலத்தில் எலும்பு முன்னே ஓட, தசைநாண் பின்னே இழுபடும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்திலும் குதிக்காலிலும் வலி வருவது அதனால்தான். மூன்று மாத அளவில் 2 சென்ரிமீற்றர் கூடுகிற காலத்தில் குதிப்பும் கடும் ஓட்டமும் குறைய வேண்டும், சுவர்ப் பயிற்சி கூட வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவது வீரம் அல்ல. இரண்டு வாரம் ஓய்வில் தீர வேண்டியது ஆறு மாதம் இழுக்கும். இழுத்துச் சுண்டும் பலத்த அடிகளை இந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கில் பழகுவதும் இடுப்புக்குக் கேடு.

வாரம் இரண்டு நாள், சொந்த உடம்பு எடையோடு போதும்: உட்கார்ந்து எழும்புதல், ஒற்றைக்கால் முன்வைத்து இறங்குதல், தரையில் முழங்கையூன்றி உடம்பை நேராகப் பிடித்திருத்தல், தண்டால். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு, மூன்று சுற்று. உயரம் கூடும் வேகம் தணிந்து ஆறு மாதம் ஆன பிறகு, சொல்லித் தர ஆள் இருந்தால், பாரம் சேர்க்கலாம். அப்போது செய்கிற உழைப்புக்குப் பலன் வேகமாக வரும்.

ஓட்டத்துக்கு நீண்ட தூரத்தை விடக் குறுகிய தூரமே ஹொக்கிக்குப் பொருந்தும். ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நாலு, அதற்குள் 10, 20 மீற்றர் பாய்ச்சல்கள்தான் அதிகம். காலை ஏழு மணிக்கு முன் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பின். இங்கே வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் வியர்வை உலராது, உடம்பு சூடாறாது. மாரியில் மைதானம் வெள்ளத்தில் கிடக்கும் மாதங்களைப் பலர் விடுமுறையாக எடுக்கிறார்கள்; சுவரும் விறாந்தையும் உள்ளவருக்கு அது தான் முன்னே போகும் காலம்.

சாப்பாட்டில் தனி மருந்து எதுவும் இல்லை. ஒரு நேரச் சோற்றுடன் மீனோ முட்டையோ பருப்போ கண்டிப்பாக இருக்கட்டும். பயிற்சிக்குப் பின் கச்சான், அவித்த கடலை, தயிர். மாப்பவுடர் டப்பா வாங்குவதற்கு முன் காலைச் சாப்பாட்டைத் தவறாமல் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். இரவு டியூசனும் அதிகாலைப் பயிற்சியும் ஒரே நாளில் வந்தால், பயிற்சியை மாற்றுவதுதான் புத்தி.

ஆசிரியருக்கும் பயிற்றுவிப்பாளருக்கும்

தெரிவுக்கு வந்தவர்களின் பிறந்த மாதத்தை ஒரு தாளில் எழுதி, எடுத்தவர்களையும் விட்டவர்களையும் பிரித்துப் பாருங்கள். எடுத்தவர்களில் பாதிக்கு மேல் முதல் நாலு மாதத்தில் பிறந்தவர்கள் என்றால், நீங்கள் ஓரளவுக்கு நாட்காட்டியைத் தெரிவு செய்திருக்கிறீர்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் உதைபந்தில் 2017இல் காட்டிய எளிய வழி ஒன்று உண்டு: சட்டை இலக்கங்களை வயது வரிசையில் கொடுப்பது. மூத்தவர் 1, இளையவர் கடைசி இலக்கம் என்று தெரிந்தபடி பார்த்த தெரிவாளர்களிடம் அந்தச் சாய்வு மறைந்துபோனது. செலவில்லாத வேலை.

பதினொருவர் ஆட்டத்தை விட ஐவர் ஆட்டத்தில் பார்ப்பதும் நல்லது. இடம் சிறிதானால் பலத்த அடிக்கு மதிப்புக் குறையும், முதல் தொடுகைக்கும் பார்வைக்கும் கூடும். ஆறு மாதத்தில் இரண்டாவது தெரிவு ஒன்றை முன்கூட்டியே அறிவித்து, தெரிவாகாதவர்களையும் வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு வர விட்டால், பாதிப் பேர் வராமல் போவார்கள். வருகிற மீதியில்தான் நீங்கள் தேடுபவர் இருக்கிறார். "அடுத்த வருஷம் பாப்பம் மனே" என்பது அன்பான பேச்சுத்தான், ஆனால் பிள்ளை அதைக் கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. என்ன பழக வேண்டும், எந்த மாதம் மறுபடி பார்ப்பீர்கள் என்று சொன்னால் போதும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் கணக்குக் கொஞ்சம் மாறும். அவர்களுக்கு 15, 16 வயதில் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும். அங்கே விடுபடுபவர்கள் பிந்தி வளர்பவர்களை விடப் பிந்தித் தொடங்கியவர்களே அதிகம். அவர்களைத் தடுப்பது திறமை அல்ல, இருட்டிய பிறகு வீடு திரும்பும் வழி. பயிற்சியை ஐந்தரைக்குள் முடிப்பதும், நீளக் காற்சட்டையோ பர்தாவோ அணிந்து ஆட விடுவதும் எந்தப் பயிற்சிமுறையை விடவும் அதிகம் பேரைக் கொண்டுவரும்.

பாடசாலைக்குப் பின் உள்ள வாசல்கள்

பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். மாவட்ட அணிக்கான தெரிவு எப்போது, எந்தக் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் அவரிடம் கேளுங்கள். போட்டி அறிவித்த பிறகு போனால் பதிவு முடிந்திருக்கும். இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழுள்ள இளைஞர் கழகங்கள் இன்னொரு வழி. இராணுவம், கடற்படை, வான்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள் நாட்டின் பலமான ஹொக்கி அணிகளில் அடங்கும். அவை எதிர்பார்ப்பது 20 வயதுக்குப் பிந்திய உடம்பை, 15 வயதுச் சான்றிதழை அல்ல.

பல்கலைக்கழகத்தைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நாட்டில் ஹொக்கி ஆடும் பாடசாலைகள் குறைவு என்பதால் பல்கலைக்கழக அணிகளுக்கு வரும் பலர் அங்கேதான் மட்டையைத் தொடுகிறார்கள். 19 வயதில், வளர்ந்த உடம்போடு, இரண்டு வருடச் சுவர்ப் பயிற்சியோடு போகும் ஒருவர் அவர்கள் நடுவில் புதியவர் அல்ல. முதலாம் வருடத்தின் முதல் வாரங்களில் உடற்கல்விப் பிரிவுக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். விரிவுரைகள் சூடுபிடித்த பிறகு போகலாம் என்று நினைத்தால், அதற்குள் குறுமூலை அடிக்குத் தள்ளிக் கொடுப்பவர் உட்பட எல்லா இடத்துக்கும் ஆள் பழகத் தொடங்கியிருக்கும்.